ஜூலை இதழ், ஜூலை 14, இங்கிலாந்து: வெளிநாட்டுத் தபால் எங்கே காத்துக் கிடக்கிறது?

வத்தலக்குண்டில் 1872-இல் பிறந்த பி.ஆர். ராஜம் ஐயரை 'கமலாம்பாள் சரித்திரம்' எழுதியவராகத்தான் நம்மில் பலருக்குத் தெரியும். அவர் ஒரு ஆங்கில மாத இதழுக்கும் ஆசிரியராக இருந்தார். 'பிரபுத்த பாரதா'. முதல் இதழ் 1896 ஜூலையில் சென்னையிலிருந்து வந்தது. ஆசிரியருக்கு அப்போது வயசு 24. விவேகானந்தரின் தூண்டுதலில் பிறந்த இதழ் அது. விவேகானந்தரோ அந்த நேரத்தில் இங்கிலாந்தில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து அவர் சென்னை டாக்டர் நஞ்சுண்ட ராவுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். இதழ்கள் வந்து சேர்ந்தன, வகுப்புக்கு வருபவர்களிடம் கொடுத்தாயிற்று, திருப்தி என்கிறார். கூடவே அட்டைப்படத்தை வறுத்து எடுக்கிறார். முடிந்தால் மாற்றுங்கள் என்கிறார். கடிதத்தின் தேதி 1896 ஜூலை 14.

அந்த அட்டைப்படத் திட்டு ரொம்பப் பிரபலம். எனக்குச் சுவாரசியமாக இருந்தது தேதிதான். ஜூலை மாத இதழ் ஜூலை 14-க்குள் சென்னையிலிருந்து இங்கிலாந்து போய், பிரித்து, பலர் கைக்கும் போய்விட்டது. விமானம் கிடையாது. எப்படி?

இன்னொரு கேள்வியும் இதோடு வருகிறது. இன்றைக்குச் சென்னையிலிருந்து லண்டனுக்கு நேர் விமானம் 10, 11 மணி நேரம். ஆனால் ஒரு சாதாரணப் பார்சல் அங்கே போய்ச் சேர இரண்டு வாரம், மூன்று வாரம் ஆனாலும் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. பயணம் 17 நாளிலிருந்து அரை நாளாகச் சுருங்கியபின், மிச்ச நாளெல்லாம் எங்கே போகுது?

மென்பொருள் துறையில் இருப்பதால் எனக்கு இது பழக்கமான கணக்கு. ஒரு வேலை மெதுவாக நடந்தால் இரண்டு நேரத்தைத் தனித்தனியாக அளப்போம். உண்மையில் வேலை நடந்த நேரம் ஒன்று, வரிசையில் சும்மா நின்ற நேரம் இன்னொன்று. பெரும்பாலும் குற்றவாளி இரண்டாவதுதான். தபால் வரலாற்றை இந்தக் கண்ணோட்டத்தில் படித்தபோது கிடைத்தவையே இந்தக் குறிப்புகள்.

17 நாள் கணக்கு

முதலில் ராஜம் ஐயரின் இதழ் போன வழி. சென்னையிலிருந்து பம்பாய்க்கு ரயில். இந்த இணைப்பு 1871-இல் முழுமையானது. சுமார் இரண்டு நாள். பம்பாயில் பி அண்ட் ஓ கம்பெனியின் தபால் கப்பல், 1868-இலிருந்து வாரம் ஒருமுறை. ஏடன், சூயஸ் கால்வாய் வழியாக மத்தியதரைக் கடல். இத்தாலியின் தென்கோடியில் பிரிண்டிசி துறைமுகத்தில் தபால் மூட்டைகள் இறங்கி ரயில் ஏறும். இத்தாலி, பிரான்ஸ் தாண்டி கலே, அங்கிருந்து கால்வாய்ப் படகு, பிறகு லண்டன். எல்லாம் சேர்த்து இரண்டரை வாரம் அளவில்.

ஜூலை 14-இலிருந்து பின்னோக்கி எண்ணினால், ஜூன் கடைசி வாரத்துக்குள் இதழ் அச்சாகிச் சென்னையை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். அதாவது ஜூலை இதழ் ஜூனிலேயே தபாலில் சேர்ந்திருக்கிறது. அச்சுக்கூடத்தில் ஒரு வாரம் தள்ளிப்போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பம்பாய்க் கப்பல் போயிருக்கும். அடுத்த கப்பலுக்கு ஏழு நாள். விவேகானந்தர் அந்த ஞாயிற்றுக்கிழமையே சுவிட்சர்லாந்து கிளம்புவதாக இருந்தார். இதழ் அவர் கையில் சேராமல் பின்னாலேயே அலைந்திருக்கும்.

அக்காலத்தில் இந்தியாவில் இருந்த ஐரோப்பியர்கள் வாரத்தில் ஒருநாளைத் 'தபால் நாள்' என்றே வைத்திருந்தார்கள். அன்றைக்கு வேறு வேலை ஓடாது. கடிதம் எழுதிக் குவிப்பார்கள். அரைமணி நேரம் பிந்தினாலும் ஒரு வாரம் போச்சு. கப்பல் எவ்வளவு வேகமாகப் போனாலும், அது கிளம்பும் நாளுக்காகக் காத்திருப்பது தனிக் கணக்கு.

இதற்கு முந்தைய நிலைமையையும் பார்த்துவிடலாம், இதே ஊரை வைத்து. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மதுரை மிஷனுக்கு வத்தலக்குண்டில் ஒரு நிலையம் இருந்தது. அதன் தலைமையகம் பாஸ்டனில். சூயஸ் திறக்கும் முன் பாஸ்டனில் கிளம்பும் பெட்டி, பாய்மரக் கப்பலில் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் சென்னை வர நான்கு மாதம், சில சமயம் அதற்கு மேலும். இங்கிருந்து ஒரு மருந்து வேண்டும் என்று எழுதினால், கேள்வி போய்ப் பதில் வர ஏறக்குறைய ஒரு வருஷம். கேட்டவர் உயிரோடு இருப்பாரா என்பதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டியிருந்தது.

கால்வாய் திறந்தும் கீழே இறங்கிய மூட்டைகள்

சூயஸ் கால்வாய் 1869 நவம்பர் 17-இல் திறந்தது. அடுத்த நாளிலிருந்து தபால் அந்த வழியாகப் போயிருக்கும் என்றுதானே நினைப்போம்? இல்லை.

கால்வாய்க்கு முன், தபால் மூட்டைகளை அலெக்சாந்திரியாவில் இறக்கி, எகிப்து ரயிலில் சூயஸுக்குக் கொண்டுபோய், அங்கே வேறு கப்பலில் ஏற்றுவார்கள். பிரிட்டிஷ் தபால் துறைக்கும் பி அண்ட் ஓ கம்பெனிக்கும் இருந்த ஒப்பந்தம் இந்த ரயில் வழியை வைத்துப் போட்டது. கால்வாய் திறந்தபிறகும் தபால் துறை ஒப்பந்தத்தை மாற்ற மறுத்தது. விளைவு ஒரு கூத்து. கப்பல் அலெக்சாந்திரியாவில் தபாலை இறக்கிவிட்டு, கால்வாய் வழியாகவே சூயஸ் வந்து, ரயிலில் வந்த அதே தபாலைத் திரும்ப ஏற்றிக்கொள்ளும்! 1870களின் நடுப்பகுதி வரை இப்படி ஓடியது.

வழி தயார், கப்பல் தயார், காகிதம் மட்டும் தயாராக இல்லை. இந்தக் காட்சி இனி நமக்குத் திரும்பத் திரும்ப வரும்.

அதே காலத்தில் எதிர்ப்பக்கம் ஒரு நல்ல யோசனையும் நடந்தது. இங்கிலாந்துத் தபால் பம்பாயில் இறங்கியபிறகு, ஊர்வாரியாகப் பிரிப்பதற்கு நேரம் பிடிக்கும். அதனால் கப்பலிலேயே ஒரு தபால் அலுவலகம் வைத்தார்கள். 'கடல் தபால் அலுவலகம்' என்று பெயர். ஏடனுக்கும் பம்பாய்க்கும் நடுவே, ஆடுகிற கப்பலில் உட்கார்ந்து குமாஸ்தாக்கள் மூட்டைகளைப் பிரித்து, சென்னைக்கு ஒன்று, கல்கத்தாவுக்கு ஒன்று என்று கட்டி வைத்துவிடுவார்கள். கப்பல் கரை தட்டியதும் மூட்டை நேரே ரயிலுக்கு. முதல் உலகப் போர் தொடங்கிய 1914 வரை இது நடந்தது. நம் ஆர்.எம்.எஸ். ரயில் பெட்டிகளில் ராத்திரி முழுக்கக் கடிதம் பிரித்ததும் இதே தத்துவம்தான். பயணம் ஓடும்போதே அடுத்த வேலையை முடித்துவிட்டால் காத்திருப்பு மறைந்துவிடும். கப்பலின் வேகத்தைக் கூட்டாமலே நாள் மிச்சம்.

கடிதம் ஒரு வழி, பார்சல் ஒரு வழி

ராஜம் ஐயரின் இதழ் சீக்கிரம் போனதற்கு இன்னொரு காரணம், அச்சிட்ட தாள்கள் கடிதத் தபாலோடு சேர்ந்து போகும் வகை. அதையே பெட்டியில் போட்டுப் பார்சலாக அனுப்பியிருந்தால் கதை வேறு.

நாடு விட்டு நாடு போகும் தபாலுக்குப் பொது விதிகள் 1874-இல் பெர்ன் நகரத்தில் உருவாயின. அதுதான் இன்றைய சர்வதேச அஞ்சல் ஒன்றியத்தின் தொடக்கம். இந்தியா 1876 ஜூலை 1-இல் சேர்ந்தது. ஆனால் அந்த ஒப்பந்தம் கடிதங்களுக்கு. பார்சலுக்கான தனி உடன்படிக்கை 1880-இல்தான் பாரிஸில் வந்தது. பிரிட்டனுக்கு உள்நாட்டுப் பார்சல் தபாலே 1883-இல்தான்.

பார்சல் ஏன் பின்தங்கியது? எடையும் பருமனும் ஒரு காரணம். பிரிண்டிசியில் இறங்கி ரயிலில் போவது செலவு. அதனால் பார்சல்கள் கப்பலை விட்டு இறங்காமல் ஜிப்ரால்டர் சுற்றிக் கடல்வழியாகவே போயின. கடிதத்தைவிட ஏறக்குறைய ஒரு வாரம் கூடுதல்.

பெரிய காரணம் சுங்கம். ஒரு கடிதத்துக்குள் செய்தி இருக்கும். பார்சலுக்குள் பொருள் இருக்கும். பொருளுக்கு வரி உண்டு. வரி போட உள்ளே என்ன இருக்கிறது, மதிப்பு என்ன என்று எழுதித் தர வேண்டும். எழுதியதை ஒருவர் படிக்க வேண்டும், சந்தேகம் வந்தால் பிரிக்க வேண்டும். இன்றைக்கும் வெளிநாட்டுப் பார்சல் மேல் ஒட்டும் சிஎன் 22, சிஎன் 23 படிவங்கள் இந்த வேலைக்குத்தான். கடிதத்துக்கு எல்லை ஒரு கோடு. பார்சலுக்கு அது ஒரு கவுண்டர். கவுண்டர் என்றால் வரிசை.

கடைசி 20 மைல்

கடலைத் தாண்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கக் கூடாது. வத்தலக்குண்டு அதற்கு நல்ல உதாரணம்.

மதுரை வழியாகத் தூத்துக்குடி போகும் ரயில் பாதை 1870களின் நடுவில் வந்தபோது, இந்தப் பக்கத்துக்கு வாய்த்த நிலையம் அம்மையநாயக்கனூர். இன்றைக்கு அதன் பெயர் கொடைக்கானல் ரோடு. பெயரைப் பார்த்து மலை பக்கத்திலேயே என்று இறங்கியவர்கள் பலர் ஏமாந்திருப்பார்கள். அங்கிருந்து மாட்டு வண்டியில் ராத்திரி முழுக்க, நிலக்கோட்டை, வத்தலக்குண்டு தாண்டி, பெரியகுளம் பக்கம் மலையடிவாரத்துக் கிருஷ்ணமநாயக்கன் தோப்பு வரை போக வேண்டும். அதற்குமேல் வண்டி ஏறாது. குதிரை, டோலி, தலைச்சுமை. லாஸ் காட் ரோடு என்கிற மலைச்சாலை 1916 வாக்கில் மோட்டார் வண்டிகளுக்குத் திறக்கும் வரை இதுதான் நிலைமை.

கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் 1901-இல் பணி தொடங்கியது. அமெரிக்க மிஷன்காரர்களின் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடமும் அதே வருஷம். ஆய்வகத்துக்கு இங்கிலாந்திலிருந்து நுட்பமான கண்ணாடிக் கருவிகள் வந்தன, பள்ளிக்கூடத்துக்குப் புத்தகங்கள். ஆயிரக்கணக்கான மைல் கடலில் வந்த பெட்டி, கடைசியில் ஒரு கூலியாளின் தலையில் செங்குத்துப் பாதையில் ஏறியது. மழை பெய்தால் நிற்கும். வண்டிமாடு கிடைக்காவிட்டால் நிற்கும். கொடைக்கானலின் சூரியப் படங்கள் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றன. 1909-இல் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு ஓட்டத்தைக் கண்டுபிடித்ததும் இங்கேதான். அந்த அறிவியலில் இந்தப் பக்கத்து வண்டிக்காரர், சுமைகூலி ஆட்களின் பங்கை யாரும் எழுதி வைக்கவில்லை.

150 கிலோமீட்டரில் ஒரு வெளிநாடு

தூரத்துக்கும் தாமதத்துக்கும் நேர்த் தொடர்பு கிடையாது என்பதற்கு இன்னொரு வத்தலக்குண்டுக்காரரின் கதை உண்டு. சுப்பிரமணிய சிவா, 1884-இல் இங்கே பிறந்தவர்.

1908-இல் சிவாவும் வ.உ.சி.யும் ராஜத்துரோக வழக்கில் தண்டிக்கப்பட்டார்கள். அடுத்து 'இந்தியா' பத்திரிகைக்கும் குறி வைக்கப்பட, பாரதி புதுச்சேரி போனார், பத்திரிகையும் போனது. சென்னையிலிருந்து புதுச்சேரி 150 கிலோமீட்டர் சுமாருக்குத்தான். ஆனால் அது பிரெஞ்சு ஆட்சி, அதாவது வெளிநாடு. அங்கே அச்சாகும் பத்திரிகை பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் வர வேண்டுமென்றால் அது வெளிநாட்டுத் தபால்.

அரசின் கையில் இரண்டு ஆயுதங்கள் இருந்தன. 1878-இன் கடல் சுங்கச் சட்டம், 19-ஆம் பிரிவு: எந்தப் பொருளும் நாட்டுக்குள் வரக்கூடாது என்று அறிவிக்கலாம். வெளிநாட்டில் அச்சான தேசியவாத ஏடுகள் பல இதன்கீழ்த் தடுக்கப்பட்டன. அடுத்தது 1898-இன் தபால் சட்டம், 26-ஆம் பிரிவு: அவசரம் என்றால் தபாலை இடைமறிக்கலாம். பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் வழி அடைபட்டதும் 'இந்தியா' 1910 மார்ச்சில் நின்றது. வாசகர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள், இதழ் அவர்களிடம் போகவில்லை.

இங்கிலாந்துக்கு 17 நாளில் போன ராஜம் ஐயரின் இதழையும், 150 கிலோமீட்டர் தாண்ட முடியாத பாரதியின் இதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே 14 வருஷம்கூட இல்லை. சிவா சிறையிலிருந்து வந்து 1913-இல் 'ஞானபாநு' தொடங்கியபோது பாரதி புதுச்சேரியிலிருந்து அதற்கு எழுதினார் என்பது ஒரு ஆறுதல். பத்திரிகைக் கட்டை நிறுத்த முடிந்தது, கையெழுத்துத் தாள்கள் எப்படியோ வந்து சேர்ந்தன.

1898-இன் அந்தத் தபால் சட்டம் 2024 ஜூன் வரை அமலில் இருந்தது. அதன் இடத்தில் வந்த 2023-இன் சட்டத்திலும் இடைமறிக்கும் அதிகாரம் இருக்கிறது.

வழியே அடைபட்டால்

இதுவரை சொன்னவை தினசரித் தாமதங்கள். சில சமயம் வழியே மூடிவிடும்.

1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் சென்னையைச் சுட்டது நமக்குத் தெரிந்த கதை. அது ஒரு ராத்திரிச் சம்பவம். அந்தக் கப்பல் வங்காள விரிகுடாவில் சுற்றிய வாரங்களில் சரக்குக் கப்பல்கள் துறைமுகத்தை விட்டுக் கிளம்பத் தயங்கின என்பதுதான் பெரிய பாதிப்பு. அடுத்த வருஷம் டிசம்பர் 30-இல், பம்பாய்க்கு வந்துகொண்டிருந்த பி அண்ட் ஓ கம்பெனியின் பெர்ஷியா கப்பல் மத்தியதரைக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. 300க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

இரண்டாம் உலகப் போரில் 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் மத்தியதரைக் கடல் வழி அபாயமானது. கப்பல்கள் மறுபடி நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. 70 வருஷ முன்னேற்றம் ஒரே அறிவிப்பில் பின்னால் போனது. 1940 டிசம்பரில் கல்கத்தாவிலிருந்து கிளம்பிய கெர்சொப்பா என்ற கப்பலும் அப்படித்தான் சுற்றிப் போனது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் அருவி ஒன்றின் பெயர் அதற்கு. 1941 பிப்ரவரியில் அயர்லாந்துக்குத் தென்மேற்கே, நிலக்கரி தீர்ந்துவரும் நிலையில் துணைக் கப்பல்களிடமிருந்து பிரிந்து போகும்போது நீர்மூழ்கி தாக்கியது. ஒரே ஒருவர் பிழைத்தார்.

2011-இல் அந்தக் கப்பலைக் கடலடியில், 4,700 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடித்தார்கள். தேடிப் போனது வெள்ளிக் கட்டிகளை. கூடவே கிடைத்தது தபால். காற்றும் வெளிச்சமும் படாத மூட்டைக்குள் 700க்கும் மேற்பட்ட கடிதங்கள் படிக்கும் நிலையில் இருந்தன. இந்தியாவிலிருந்து வீட்டுக்கு எழுதியவை. 2018-இல் லண்டன் தபால் அருங்காட்சியகம் அவற்றில் சிலவற்றைக் காட்சிக்கு வைத்தது. எழுதியவரும் இல்லை, பெறவேண்டியவரும் இல்லை.

கடலில் மூழ்காமலே அதேபோல நின்றுபோன தபாலும் உண்டு. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச்சில் ரங்கூன். அதோடு மலேயாவுக்கும் பர்மாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் நடுவே சாதாரணத் தபால் நின்றது. ரப்பர் தோட்டத்துக்கும் வட்டிக்கடைக்கும் போன ஆண்களின் வீடுகளில் மணியார்டர் நின்றது, கடிதம் நின்றது. மூன்றரை வருஷம். தாலி கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் வீடுகள் இருந்தன. தபால் தாமதம் என்ற சொல்லின் முழுப் பொருள் அந்த வீட்டுக்காரர்களுக்குத்தான் தெரிந்திருக்கும்.

இயற்கையும் விடுவதில்லை. 1914-இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடத் தொடங்கியபின் கொழும்புக்கு ரயில்-கப்பல்-ரயில் என்று ஒரே பயணச்சீட்டில் போகலாம்; 'போட் மெயில்' என்ற பெயரே தபாலால் வந்தது. 1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயல் தனுஷ்கோடியையே துடைத்துவிட்டது.

சூயஸ் 1967 ஜூன் முதல் 1975 ஜூன் வரை எட்டு வருஷம் மூடிக் கிடந்தது. 2021 மார்ச்சில் எவர் கிவன் என்ற ஒற்றைக் கப்பல் குறுக்கே மாட்டி ஆறு நாள் அடைத்தது. 2023 கடைசியிலிருந்து செங்கடல் தாக்குதல்களால் பெரிய கம்பெனிகள் மறுபடி நன்னம்பிக்கை முனையைச் சுற்றின. பாஸ்டன் பெட்டி வந்த அதே வழி.

இன்றைய பார்சலின் நாட்கணக்கு

இப்போது நம் காலத்துக்கு வருவோம். வெளிநாட்டிலிருந்து ஒரு பார்சல் வத்தலக்குண்டு வருகிறது என்று வையுங்கள். அது நிற்கும் இடங்கள்:

1. அனுப்பிய ஊர் அலுவலகம். அன்றைய மூட்டை கட்டும் நேரம் தாண்டினால் மறுநாள்.
2. அந்த நாட்டின் பரிமாற்ற அலுவலகம். நம் நாட்டுக்குப் போதுமான மூட்டை சேரும்வரை காத்திருப்பு.
3. விமான நிலையம், பயணிகள் சாமான் போக மிச்ச இடத்தில்தான் தபாலுக்கு வாய்ப்பு. வேறு ஊரில் விமானம் மாறினால் அங்கே இன்னொரு காத்திருப்பு.
4. நம் நாட்டின் பரிமாற்ற அலுவலகம், பிறகு சுங்கம்.
5. உள்நாட்டுப் பிரிப்பு, திண்டுக்கல், கடைசியாக ஊர்.

உண்மையான பயணம் எல்லாம் கூட்டினால் இரண்டு நாள் தாண்டாது. மற்றதெல்லாம் நிற்பது. 2020 மார்ச்சில் பயணிகள் விமானங்கள் நின்றபோது உலகத் தபாலே தடுமாறியதற்கு மூன்றாவது புள்ளிதான் காரணம். தபால் போய்க்கொண்டிருந்தது பயணிகளின் காலடியில் என்பதே பலருக்கு அப்போதுதான் தெரிந்தது.

பார்சல் எண்ணை வைத்துத் தேடும்போது, 'வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்டது' என்ற வரிக்கும் 'வந்து சேர்ந்தது' என்ற வரிக்கும் நடுவே பல நாள் ஒன்றுமே மாறாது. தொலைந்துவிட்டதோ என்று பயப்படுவது அங்கேதான். இரண்டாவது, மூன்றாவது புள்ளிகளின் காத்திருப்பு அந்த இடைவெளிக்குள் விழுகிறது. அனுப்பிய நாடு கைவிட்டுவிட்டது, பெறும் நாடு இன்னும் கையில் வாங்கவில்லை. இரண்டு அலுவலகங்களின் கணினிகளும் உண்மையைத்தான் சொல்கின்றன. நடுவில் நிற்கும் மூட்டையைப் பற்றிச் சொல்லத்தான் யாருமில்லை.

அந்த எண்ணே ஒரு அழகான ஏற்பாடு. இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து. ஒன்பதாவது இலக்கம் சரிபார்ப்புக்கு. முதல் எட்டையும் முறையே 8, 6, 4, 2, 3, 5, 9, 7 ஆல் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்து, மீதியை 11-இலிருந்து கழிக்க வேண்டும். 47312482 என்றால் கூட்டல் 200, மீதி 2, ஆக ஒன்பதாவது இலக்கம் 9. விடை 10 வந்தால் 0, 11 வந்தால் 5 என்று வைத்துக்கொள்வார்கள். ஒரு இலக்கத்தைத் தப்பாக அடித்தாலும் பெரும்பாலும் கணினி கண்டுபிடித்துவிடும்.

எண் சரியாக இருந்தும் நிற்பதற்கு வழக்கமான காரணங்கள் இவை. படிவத்தில் 'பரிசு', 'சாமான்' என்று மட்டும் எழுதுவது. அதைப் படித்து எந்தச் சுங்க அதிகாரியும் வரி போட முடியாது. மதிப்பும் ரசீதும் ஒத்துப்போகாதது. விதை, ஊறுகாய், பொடி வகைகள். ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் செடி, விதை விஷயத்தில் ரொம்பக் கறார். லித்தியம் பேட்டரி, வாசனைத் திரவியம். விமானப் பாதுகாப்புச் சோதனையில் மாட்டும். கிறிஸ்துமஸ் நெருக்கடி. அப்புறம் முகவரி. நம் ஊர்ப் பெயரையே ஆங்கிலத்தில் பட்லகுண்டு என்றும், வத்தலகுண்டு என்றும் பல மாதிரி எழுதுகிறார்கள். 624202 என்ற எண்தான் காப்பாற்றுகிறது. ஒரே பெயரில் பல ஊர், ஒரே ஊருக்குப் பல பெயர் என்ற குழப்பத்துக்காகவே 1972 ஆகஸ்ட் 15-இல் பின்கோடு வந்தது.

இப்போது பொருள் கிளம்பும் முன்னரே அதன் விவரம் மின்னணுத் தகவலாகப் போய்ச் சேர வேண்டும் என்று அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் விதி வைத்திருக்கின்றன. நல்லபடி நடந்தால் இது கடல் தபால் அலுவலகம் மாதிரிதான். பொருள் வானத்தில் இருக்கும்போதே சுங்க வேலை முடிந்துவிடும். தகவல் தப்பானால் பொருள் ஏறவே ஏறாது.

2025: விமானம் பறந்தது, பார்சல் நின்றது

இந்த முழுக் கதையும் சமீபத்தில் ஒரு தடவை நம் கண்முன் நடந்தது. 800 டாலர் வரை மதிப்புள்ள பார்சலுக்கு இறக்குமதி வரி கிடையாது என்ற சலுகையை அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 29 முதல் நீக்கியது. வரியை யார் வசூலிப்பது, யாரிடம் எப்படிக் கட்டுவது என்ற நடைமுறை தயாராகவில்லை. விமானக் கம்பெனிகள் தபாலை ஏற்க முடியாது என்றன. இந்திய அஞ்சல் துறை ஆகஸ்ட் 25 முதல் அமெரிக்கப் பார்சல்களை நிறுத்தியது. முதலில் கடிதம், ஆவணம், 100 டாலர் வரையிலான பரிசுக்கு மட்டும் விலக்கு இருந்தது. சில நாளில் அதுவும் போனது. அனுப்பும்போதே வரியை இங்கே கட்டிவிடும் ஏற்பாட்டோடு அக்டோபர் 15-இல்தான் மறுபடி தொடங்கியது.

ஏழு வாரம். அந்த ஏழு வாரமும் அமெரிக்காவுக்கு விமானங்கள் வழக்கம்போலப் பறந்தன. கடல் திறந்திருந்தது, வானம் திறந்திருந்தது, கவுண்டர் மூடியிருந்தது. 1870-இல் அலெக்சாந்திரியாவில் இறங்கி ஏறிய மூட்டைகளின் கதைதான்.

பாதித்தது யாரை? பெரிய ஏற்றுமதியாளருக்கு கொள்கலன் இருக்கிறது, தரகர் இருக்கிறார். தனியார் கூரியரில் கூடுதல் பணம் கட்ட முடிந்தவருக்கும் வழி இருந்தது. அஞ்சலக ஜன்னலை மட்டும் நம்பியவர்கள்தான் நின்றார்கள்: தீபாவளிக்குப் பேரப்பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை அனுப்ப நினைத்த பாட்டி, கைத்தறிச் சேலையும் பித்தளைச் சாமானும் இணையத்தில் விற்கும் சின்ன வியாபாரி. அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 20. ஐந்து நாள் முன்னால் திறந்த ஜன்னலால் அவர்களுக்குப் பெரிய பிரயோஜனம் இல்லை.

பயண வேகத்தைக் கூட்ட 150 வருஷமாக உலகம் கால்வாய் வெட்டியது, சுரங்கம் குடைந்தது, விமானம் விட்டது. அந்த வெற்றி உண்மையானது. ஆனால் கைமாறும் இடங்களில் ஆகும் காத்திருப்பு அதே விகிதத்தில் குறையவில்லை. அதைக் குறைக்கப் பொறியியல் மட்டும் போதாது, இரண்டு நாட்டு அலுவலகங்கள் பேசி ஒத்துக்கொள்ள வேண்டும். அதனால் வெளிநாட்டுக்கு ஏதாவது அனுப்பும்போது 'எத்தனை நாளில் போகும்' என்று கேட்பதோடு நிற்காமல், 'எத்தனை கை மாறும், ஒவ்வொரு கையும் என்ன காகிதம் கேட்கும்' என்றும் கேளுங்கள். அதில்தான் சரியான நாட்கணக்கு கிடைக்கும்.

ராஜம் ஐயரின் ஆசிரியர் பணி இரண்டு வருஷம்கூட நீடிக்கவில்லை. 1898 மே மாதம், 26 வயசில் காலமானார். இதழ் அல்மோராவுக்கும் பிறகு மாயாவதிக்கும் இடம் மாறி, இன்றைக்கும் வந்துகொண்டிருக்கிறது. அதன் முதல் கட்டு எங்கேயும் நிற்காமல் போய்ச் சேர்ந்ததற்கு, ஜூனிலேயே அச்சை முடித்த சென்னைக்காரர்களும், வழியில் மூட்டையைத் தேங்கவிடாமல் கைமாற்றிய பெயர் தெரியாத தபால்காரர்களும்தான் காரணம்.